ஆபீஸ் கட்டடத்துக்குக் கார்பன் கணக்கு போடுவது எப்படி? முதலில் ராத்திரி மீட்டரைப் பாருங்கள்

நம்ம கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு கிலோ நூல் நூற்க எத்தனை யூனிட் கரண்ட் ஆனது என்று கணக்கு வைப்பார்கள். யூகேஜி என்று சொன்னால் எலக்ட்ரீஷியனில் இருந்து முதலாளி வரைக்கும் புரியும், கொஞ்சம் ஏறினாலும் எந்த மெஷின், ஏன் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதே முதலாளி அவிநாசி ரோட்டிலோ சரவணம்பட்டியிலோ ஒரு லட்சம் சதுர அடியில் ஆபீஸ் கட்டடம் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார், அங்கே சதுர அடிக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று கேட்டால் பதில் வராது. பில் வரும், கட்டுவார்கள், வாடகைதாரர்களுக்குப் பிரித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் வந்தாயிற்று. பங்குச் சந்தையில் முதல் 1000 இடத்தில் இருக்கும் கம்பெனிகள் ஆண்டுதோறும் தங்கள் மின்சார, எரிபொருள், கார்பன் கணக்கை (வருஷத்துக்கு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது என்பதை) காட்ட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்திருக்கிறது, அந்தக் கம்பெனிகளின் கிளை ஆபீஸ்கள் கோயம்புத்தூரில் நிறைய இருக்கின்றன. திருப்பூர் ஏற்றுமதியாளர்களிடம் வெளிநாட்டு பையர்கள் ஃபேக்டரியோடு சேர்த்து ஆபீஸ் கணக்கையும் கேட்கிறார்கள். கேட்டதும் ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்து ஒரு ரிப்போர்ட் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள், அதோடு கட்டடத்தில் எதுவும் மாறுவதில்லை. இந்தக் கணக்கை நீங்களே போடலாம், போட வேண்டும் என்பது என் கட்சி, ஏனென்றால் கணக்கு போடும்போதுதான் கரண்ட் எங்கே ஒழுகுகிறது என்று கண்ணில் படும். கட்டட மேனேஜர், மெயின்டனன்ஸ் இன்ஜினியர், ஓனர்ஸ் அசோசியேஷன் செயலாளர் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். பில்களும் ஒரு எக்செல் ஷீட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் நாலு ஃபைல்

ஒரு முழு நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை. வேண்டியவை இவை: பன்னிரண்டு ஈபி பில், ஜெனரேட்டர் டீசல் வாங்கிய பில், கேன்டீன் கேஸ் சிலிண்டர் பில், ஏசி கான்ட்ராக்டர் கேஸ் சார்ஜ் செய்த சர்வீஸ் ரிப்போர்ட். முதல் மூன்றும் அக்கவுண்ட்ஸில் கிடைத்துவிடும். நாலாவதுதான் கிடைக்காது. "ஏஎம்சி-க்குள்ள வருதுங்க, தனியா பில் போடலீங்க" என்பார்கள். ஏஎம்சி என்பது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். விடாதீர்கள். எந்த மெஷினுக்கு, எந்த கேஸ், எத்தனை கிலோ என்று கான்ட்ராக்டர் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள், அடுத்த வருஷ ஏஎம்சி ஒப்பந்தத்திலேயே இதை ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிடுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கூடவே கட்டடத்தின் பரப்பளவு. பார்க்கிங்கைச் சேர்க்காமல், மக்கள் வேலை செய்யும் பரப்பு எவ்வளவு என்று பிளானைப் பார்த்து எடுங்கள். பத்திரத்தில் இருக்கும், பொது இடங்களையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கை எடுத்தால் எண் அழகாகத் தெரியும், உண்மை தெரியாது. ஒரு சதுர மீட்டர் என்பது 10.764 சதுர அடி.

கணக்கு

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பீளமேட்டில் ஒரு லட்சம் சதுர அடி கட்டடம், மாதம் சராசரி 1.5 லட்சம் யூனிட். வருஷத்துக்கு 18 லட்சம் யூனிட். ஒரு லட்சம் சதுர அடி என்பது சுமார் 9,290 சதுர மீட்டர், ஆக ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 194 யூனிட். இதைத்தான் இபிஐ என்கிறார்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ 2009 முதல் ஆபீஸ் கட்டடங்களுக்கு இந்த எண்ணை வைத்துத்தான் நட்சத்திரம் கொடுக்கிறது, 100 கிலோவாட்டுக்கு மேல் இணைப்பு உள்ள கட்டடங்கள் விண்ணப்பிக்கலாம். மில்லுக்கு யூகேஜி எப்படியோ, கட்டடத்துக்கு இது அப்படி.

அடுத்து கார்பன். யூனிட்டை டன்னாக மாற்ற ஒரு பெருக்கல் எண் வேண்டும். மத்திய மின்சார ஆணையமான சிஇஏ ஆண்டுதோறும் இதை வெளியிடுகிறது, 2023-24 ஆண்டுக்கு ஒரு யூனிட்டுக்கு 0.727 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 18 லட்சத்தை அதால் பெருக்கினால் சுமார் 1,309 டன்.

இந்த இடத்தில் நம்ம பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததில் இருந்து கோயம்புத்தூர் மில்கள் நீலகிரித் தண்ணீரில்தானே ஓடின, இன்றைக்கும் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டின தூரம் காற்றாலைதானே சுத்துது, நமக்கு எதற்கு நிலக்கரிக் கணக்கு என்று. நியாயமான கேள்விதான். ஆனால் 2013 டிசம்பர் 31-ல் தென்மண்டல கிரிட் (மின் கட்டமைப்பு) நாட்டின் மற்ற கிரிட்டுகளோடு இணைந்துவிட்டது. அன்று முதல் இந்தியா முழுவதும் ஒரே கிரிட், அதனால் பெருக்கல் எண்ணும் ஒன்றே. உங்கள் ஜன்னலில் இருந்து காற்றாலை தெரிந்தாலும் ஈபி பில்லில் வரும் யூனிட்டுக்கு அதே எண்தான்.

காற்றாலையில் பங்கு வாங்கி, வீலிங் மூலம், அதாவது ஈபி கம்பி வழியாக, அந்தக் கரண்டை எடுக்கும் குரூப் கேப்டிவ் ஆட்கள் மட்டும் இரண்டு எண் எழுத வேண்டும். குரூப் கேப்டிவ் என்றால் பயன்படுத்துவோரிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு, உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாத பயன்பாடு என்ற விதிக்குள் வருவது. கிரிட் சராசரிப்படி ஒரு எண். ஒப்பந்தப்படி, அதாவது பில்லில் கழிக்கப்பட்ட காற்றாலை யூனிட்டைப் பூஜ்யமாக வைத்து, இன்னொரு எண். உலகம் முழுக்கப் பின்பற்றும் ஜிஹெச்ஜி புரோட்டோகால் என்ற கார்பன் கணக்கு விதிமுறை இரண்டையும் காட்டச் சொல்கிறது. இரண்டாவதை மட்டும் காட்டுவது சரியில்லை. அதோடு அந்தக் காற்றாலைக்காரர் அதே யூனிட்டுக்கு ஆர்இசி என்ற பசுமை மின்சாரச் சான்றிதழை விற்றிருந்தால் அந்தப் பசுமை இன்னொருவருக்குப் போய்விட்டது, நீங்கள் உரிமை கொண்டாட முடியாது. ஒப்பந்தத்தை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

மீதிக் கணக்கு சுருக்கமானது. டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.68 கிலோ. வருஷத்துக்கு 12,000 லிட்டர் என்றால் 32 டன். சமையல் கேஸ் ஒரு கிலோவுக்கு 2.98 கிலோ, ஆக 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 57 கிலோ. மாதம் இருபது சிலிண்டர் என்றால் வருஷத்துக்கு 14 டன்னுக்குள்.

இப்போது ஏசி கேஸ். சென்ட்ரல் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரில் இருக்கும் ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி-யின் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி 1,300 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 1,924. பழைய ஆர்-22 என்றால் 1,760. புதிய ஸ்பிளிட் ஏசிகளில் வரும் ஆர்-32 பரவாயில்லை, 677. நம் உதாரணக் கட்டடத்தில் வருஷத்துக்கு 30 கிலோ ஆர்-134ஏ டாப்-அப் செய்திருந்தால் அது 39 டன். வருஷம் முழுக்க ஜெனரேட்டர் புகை விட்டதைவிட அதிகம், அதுவும் யார் கண்ணுக்கும் தெரியாமல். கேஸ் நிரப்ப வேண்டி வருகிறது என்றாலே எங்கோ லீக் இருக்கிறது என்றுதான் அர்த்தம், மூடிய சுற்றில் கேஸ் தானாகக் குறையாது. "வருஷா வருஷம் கொஞ்சம் அடிப்போங்க" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் லீக் எங்கே என்று சோப்புத் தண்ணீரோ டிடெக்டரோ வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அடைத்த பிறகு நிரப்பட்டும். ரிப்பேருக்குப் பிரிக்கும்போது பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, சிலிண்டரில் உறிஞ்சி எடுக்கும் ரெகவரி மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலை கொடுங்கள்.

எச்டி (உயர் மின்னழுத்த) பேனல் ரூமில் எஸ்எஃப்-6 கேஸ் உள்ள பிரேக்கர் இருந்தால் அதையும் லிஸ்டில் எழுதி வையுங்கள். ஒரு கிலோவுக்கு 23,500 கிலோ சமம். வழக்கமாகக் கசியாது, ஆனால் பழைய பேனலைக் கழற்றி ஸ்கிராப்புக்குப் போடும் நாளில் ஞாபகம் இருக்க வேண்டும்.

ஆக மொத்தம் சுமார் 1,393 டன். இதில் 1,309 ஈபி யூனிட். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு. இனி எங்கே வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. இப்படி இருக்க, ரிசப்ஷனில் செடி வைத்து, பேப்பர் கப்பை நிறுத்தி, அதைச் சாதனையாகப் போஸ்டர் ஒட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. செய்யுங்கள், நல்லதுதான், ஆனால் அதற்கு முன்னால் மீட்டர் ரூமுக்குப் போங்கள்.

ராத்திரி மீட்டர்

இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். செக்யூரிட்டியிடம் சொல்லி இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் மெயின் மீட்டர் ரீடிங்கை போனில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இருக்கட்டும். எச்டி மீட்டர் என்றால் ரீடிங் வித்தியாசத்தை எம்எஃப் என்ற மீட்டர் பெருக்கல் எண்ணால் பெருக்க வேண்டும், அது பில்லிலேயே அச்சாகியிருக்கும். இதை மறந்து "ராத்திரி ஒண்ணுமே ஓடலீங்க" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. வந்த யூனிட்டை ஆறு மணி நேரத்தால் வகுத்தால், ஆளில்லாத நேரத்தில் கட்டடம் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்பது கிடைத்துவிடும்.

உதாரணக் கட்டடத்தில் அது 90 கிலோவாட் என்று வையுங்கள். பார்க்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது, பகலில் 350, 400 ஓடுகிற இடம். ஆனால் நேரத்தைப் பாருங்கள். தினம் 12 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் ஆபீஸ் நடந்தால் 3,600 மணி நேரம். ஒரு வருஷத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது, மீதி 5,160 மணி நேரமும் கட்டடம் காலி. 90 கிலோவாட்டை அதால் பெருக்கினால் 4.64 லட்சம் யூனிட். மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் யாருமே இல்லாத நேரத்தில் போகிறது.

சரி, எங்கே போகிறது? அதற்கு ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு மேல் ஷிஃப்ட் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு பேஸ்மென்டில் இருந்து மொட்டை மாடி வரை நடக்க வேண்டும். கையில் கம்பியைக் கவ்வி கரண்ட் அளக்கும் ஒரு டாங் டெஸ்டர், ஒரு நோட்டு. ஒவ்வொரு பேனலிலும் எந்த ஃபீடர் எத்தனை ஆம்ப்ஸ் என்று எழுதிக்கொண்டே போங்கள். நான் போன கட்டடங்களில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். மாடிக்கு ஏசி காற்றை அனுப்பும் ஏஹெச்யூ ரூமில் செலக்டர் சுவிட்ச் ஆட்டோவில் இருக்க வேண்டும், யாரோ ஒரு நாள் டைமர் வேலை செய்யவில்லை என்று மேனுவலில் திருப்பியிருப்பார், அன்றில் இருந்து அந்த மாடியில் ஃபேன் ராப்பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஏசி அடித்த குளிர்ந்த காற்று இல்லை, சும்மா காற்று. பேஸ்மென்ட் எக்ஸாஸ்ட் ஃபேன்கள், ஒரு வண்டிகூட இல்லாத பார்க்கிங்கில் முழு வேகத்தில் ஓடும். சில்லர் நின்றிருக்கும், அதன் தண்ணீர் பம்ப் நிற்காது. "அண்ணா, இந்த பம்ப் எதுக்கு ஓடுது?" என்று கேட்டேன் ஒரு இடத்தில். "அது எப்பவும் ஓடுறதுதானுங்க சார், நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலீங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை, ஓடுவது நின்றால்தான் அவருக்கு போன் வரும், வீணாக ஓடினால் யாரும் கேட்கப் போவதில்லை.

அப்புறம் சர்வர் ரூம். பதினெட்டு டிகிரியில் வைத்து உள்ளே போனால் நடுங்கும். சர்வருக்குள் போகும் காற்று 18-இல் இருந்து 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஏசி இன்ஜினியர்களின் சர்வதேச அமைப்பான ஆஷ்ரே கொடுத்திருக்கும் பரிந்துரை. 24-க்கு ஏற்றுங்கள், ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு ஒரு டிகிரி. ஐடி ஆட்கள் பயப்படுவார்கள், ரேக் முன்னால் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டு அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். கால்வாசி லோடில் ஓடும் யூபிஎஸ் இரண்டு இருந்தால், பேக்கப் ஏற்பாடு கெடாமல் ஒன்றைக் குறைக்க முடியுமா என்று விற்றவரிடமே கேளுங்கள். பாதி லோடுகூட இல்லாமல் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிக்கொண்டிருந்தால் ஒன்றை அணைத்து வைக்கலாம், ஆயிரம் கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருக்கவே மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் சாப்பிடும்.

இப்படித் தேடி 90-ஐ 50-க்குக் கொண்டுவந்துவிட்டால், 40 கிலோவாட் மிச்சம். 5,160 மணி நேரத்துக்கு 2.06 லட்சம் யூனிட், 150 டன். இதற்கு ஆகும் செலவு நாலைந்து டைமரும் ஒரு எலக்ட்ரீஷியன் கூலியும்.

சோலார் போடலாமா என்று கேட்பவர்களுக்காக இதன் பக்கத்திலேயே அந்தக் கணக்கையும் வைக்கிறேன். நம்ம பக்கத்தில் ஒரு கிலோவாட் சோலாருக்கு வருஷத்துக்கு 1,500 யூனிட் வரை எதிர்பார்க்கலாம், சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். மொட்டை மாடியில் கூலிங் டவர், தண்ணீர் டேங்க், லிஃப்ட் ரூம் போக பத்தாயிரம் சதுர அடி கிடைத்தால் 100 கிலோவாட், வருஷத்துக்கு 1.5 லட்சம் யூனிட். உதாரணக் கட்டடத்தின் தேவையில் எட்டு சதவீதம். கட்டாயம் போடுங்கள், ஆனால் ராத்திரி ஒழுகலை அடைத்தது அதைவிடப் பெரிது என்பதை எண்ணே சொல்கிறது. அடைத்த பிறகு போட்டால் அதே பேனல் கட்டடத்தின் இன்னும் பெரிய பங்கைத் தாங்கும்.

ஏசி பிளான்ட்

பெரிய கட்டடத்தில் பகல் செலவில் பாதியோ அதற்கு மேலோ ஏசிதான். இங்கே அளக்க வேண்டியது ஒன்று, ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் (இது ஏசி வாங்கும்போது சொல்லும் டன், கார்பன் டன் இல்லை). சில்லருக்குள் போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டின் வெப்ப வித்தியாசத்தை, மணிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறதோ அதால் பெருக்கி 3.024-ஆல் வகுத்தால் டன் வரும். மணிக்கு 120 கன மீட்டர், 5 டிகிரி வித்தியாசம் என்றால் 198 டன். அந்த நேரம் சில்லர் பேனலில் 150 கிலோவாட் காட்டினால் டன்னுக்கு 0.76. தண்ணீரில் குளிரும் நல்ல சென்ட்ரிஃபியூகல் சில்லர் 0.6 பக்கத்தில் ஓடும். காற்றில் குளிரும் சில்லர் ஒன்றுக்கு மேல்தான் இருக்கும், அதோடு இதை ஒப்பிடக் கூடாது.

எண் ஏறியிருந்தால் நம்ம ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. சிறுவாணித் தண்ணீரைக் கூலிங் டவருக்கு விடும் அளவுக்கு யாருக்கும் கிடைப்பதில்லை. ஆயிரம் அடி போரில் வரும் உப்புத் தண்ணீர்தான் ஓடுகிறது, அது ஆவியாக ஆவியாக உப்பு கெட்டியாகி கண்டென்சர் குழாயில் சுண்ணாம்பாகப் படியும். படிவு ஏற ஏற கம்ப்ரஸர் அதிகம் திணறும். குழாயைத் திறந்து பிரஷ் போட்ட நாளில் கண்டென்சர் தண்ணீருக்கும் கேஸுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள், அது இரண்டு டிகிரி கூடினால் மறுபடி திறக்கும் நேரம் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கு நம் தண்ணீருக்குப் போதாது. சாஃப்ட்னர் வைத்தால் நல்லது, எஸ்டிபி-யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்) சுத்திகரித்த தண்ணீரை நன்றாக வடிகட்டி விட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது பம்ப். ஊரே பம்ப்செட் ஊர், ஆனால் கட்டடத்து பம்ப்பை யாரும் பார்ப்பதில்லை. பம்ப் ரூமுக்குப் போய் டெலிவரி வால்வைப் பாருங்கள். பாதி மூடியிருக்கிறதா? வால்வுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ், பின்னால் ஒரு கேஜ் இருந்தால் இரண்டையும் படியுங்கள். முன்னால் நாலு கிலோ, பின்னால் இரண்டரை என்றால், ஒன்றரை கிலோ அழுத்தத்தை மோட்டார் உருவாக்குகிறது, வால்வு கொல்கிறது. டிசைன் செய்தவர் பாதுகாப்புக்கு என்று பெரிய பம்ப் போட்டுவிட்டார், கமிஷன் செய்தவர் தண்ணீர் அதிகம் வருகிறது என்று வால்வைத் திருகிவிட்டார், அது அப்படியே பத்து வருஷமாக ஓடுகிறது. வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். நிலைத்த உயரம் ஏற்ற வேண்டியிராத மூடிய குழாய்ச் சுற்றில் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் கரண்ட் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், ஏனென்றால் வேகத்தை மூன்று முறை பெருக்கிய விகிதத்தில் (0.8 x 0.8 x 0.8) பவர் குறைகிறது. லோடு மாறவே மாறாத பம்ப் என்றால் விஎஃப்டி கூடத் தேவையில்லை, பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லரைக் கழற்றி கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறையில் கொடுத்து விட்டத்தைக் கடைந்து குறைத்து, பேலன்ஸ் பார்த்துப் போட்டால் போதும். எவ்வளவு கடையலாம் என்பதை பம்ப் கம்பெனியின் கர்வ் ஷீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த வசதி நம்ம ஊரைப் போல வேறு எங்கும் இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

தெர்மோஸ்டாட்டை 24-இல் வையுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மிச்சம் என்று பிஇஇ சொல்வது அறை ஏசிக்கு, சென்ட்ரல் பிளான்ட்டில் அவ்வளவு அப்படியே வராது, ஆனாலும் வரும்.

பருவத்தையும் கவனியுங்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது ஜன்னலைத் திறந்து ராத்திரியெல்லாம் கட்டடத்தைக் குளிரவைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்றில் ஈரம் அதிகம், உள்ளே இழுத்த ஈரத்தைக் காலையில் சில்லர்தான் பிழிந்து வெளியேற்ற வேண்டும். ஆடி, ஆவணியில் வெயில் குறைவதால் இரண்டு சில்லர் ஓடும் இடத்தில் ஒன்றை நிறுத்திப் பாருங்கள், லாபி, காரிடார், கேன்டீனுக்கு ஃபேன் போதும், அதுவும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன். விடியற்காலைக் காற்றை உள்ளே விடும் வேலைக்கு ஏற்றது தை, மாசி. இரவு இருபது டிகிரிக்குப் பக்கம் இறங்கும், காற்றும் உலர்ந்திருக்கும். காலை ஐந்து முதல் ஏழு வரை ஃப்ரெஷ் ஏர் டேம்பரை முழுக்கத் திறந்து ஃபேனை மட்டும் ஓட்டினால் ஒன்பது மணிக்கு சில்லர் போடுவதைப் பத்துக்குத் தள்ளலாம்.

மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே போய்ப் பாருங்கள், கண் கூசுகிறது என்று எல்லா பிளைண்டையும் இறக்கிவிட்டு எல்லா லைட்டையும் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே இறக்கும் திரை வெளிச்சத்தை மட்டும் தடுக்கும், வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று. வெளியே ஒரு தடுப்பு, லூவரோ ஜாலியோ, வைப்பதுதான் வழி. புதிதாகக் கட்டப் போகிறவர்கள் ஆர்க்கிடெக்ட்டிடம் இதை முதல் மீட்டிங்கிலேயே கேட்டுவிடுங்கள், கட்டி முடித்த பிறகு செலவு அதிகம்.

லைட் எல்இடி இல்லாமல் இன்னும் டியூப்லைட் சோக்கோடு இருந்தால் மாற்றுங்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பில்லில் பார்க்க வேண்டியவை

கார்பனுக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் வேலைக்குப் பணம் இங்கிருந்து கிடைக்கும். எச்டி இணைப்பில் நீங்கள் அந்த மாதம் உச்சமாக எடுத்த கேவிஏ (மின்பளு) அல்லது ஒப்பந்த கேவிஏ-வில் 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்கு டிமாண்ட் சார்ஜ் போடுவார்கள். மேலே சொன்ன வேலைகளைச் செய்து உச்ச டிமாண்ட் குறைந்த பிறகும் பழைய ஒப்பந்தத்திலேயே இருந்தால் எடுக்காத கேவிஏ-வுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு கோடை முழுக்க ரெக்கார்டட் டிமாண்டைப் பார்த்துவிட்டு, குறைத்துக் கேட்டு விண்ணப்பியுங்கள். மிச்சமாகும் பணத்தை அடுத்த விஎஃப்டிக்கு ஒதுக்க வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது பொதுக் கணக்கில் கலந்து காணாமல் போகும்.

வாடகைதாரர் கணக்கு யாருடையது

ஏசி சார்ஜை சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று பிரிக்கும் கட்டடத்தில் யாரும் மிச்சம் பிடிக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாடி முழுக்க ஏசி போட்டு நாலு பேர் வேலை செய்தாலும் பில் எல்லோர் தலையிலும் விழும். மாடிக்கு ஒரு சப்-மீட்டரும், குளிர்ந்த தண்ணீருக்கு, எவ்வளவு குளிர்ச்சி போனது என்று அளக்கும் ஒரு பிடியு மீட்டரும் வையுங்கள். வைத்த பிறகு ஒவ்வொரு வாடகைதாரருக்கும் சதுர அடி யூனிட்டைத் தனித்தனியாக அனுப்புங்கள். சண்டை வரும், முதல் இரண்டு மாதம். அப்புறம் அவர்களே வந்து தங்கள் மாடி ஏன் கூட என்று கேட்பார்கள்.

கார்பன் ரிப்போர்ட்டில் கணக்கை ஸ்கோப் என்று மூன்று வகையாகப் பிரிப்பார்கள். நீங்களே நேரடியாக வெளிவிடும் டீசல், சமையல் கேஸ், ஏசி கேஸ் ஆகியவை ஸ்கோப் 1; வாங்கிய கரண்ட் ஸ்கோப் 2; மற்றவை ஸ்கோப் 3. வாடகைதாரர் தன் மாடியில் எரிக்கும் யூனிட் அவருக்கு ஸ்கோப் 2, கட்டட உரிமையாளருக்கு ஸ்கோப் 3. பொது லிஃப்ட், லாபி, பம்ப் எல்லாம் உரிமையாளரின் ஸ்கோப் 2. யார் எதை எழுதுவது என்று வாடகை ஒப்பந்தத்தின் இணைப்பாக ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் ஆடிட்டர் வரும்போது இழுபறி இருக்காது. ஊழியர்கள் பொள்ளாச்சியில் இருந்தும் மேட்டுப்பாளையத்தில் இருந்தும் வரும் பஸ், கார், டூவீலர் கணக்கு வாடகைதாரரின் ஸ்கோப் 3. வருஷத்துக்கு ஒரு தடவை தூரமும் வண்டியும் கேட்டு ஒரு சின்ன சர்வே எடுக்கட்டும், பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ என்று பெருக்கினால் போதும்.

அடுத்த வருஷத்தோடு ஒப்பிடும்போது

அடிப்படை ஆண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 2020-21, 2021-22 இரண்டையும் தொடாதீர்கள், கொரோனாவில் கட்டடம் காலியாக இருந்தது. மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது ஏப்ரலை ஏப்ரலோடு வையுங்கள், மார்கழிக் குளிரையும் சித்திரை வெயிலையும் பக்கத்தில் வைத்துப் பெருமைப்பட வேண்டாம். பாதி மாடி காலியாக இருந்த வருஷம் என்றால் நிரம்பியிருந்த பரப்பு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். யூனிட்டையும் டன்னையும் எப்போதும் தனித்தனி நெடுவரிசையில் காட்டுங்கள், ஏனென்றால் சிஇஏ எண் ஆண்டுக்காண்டு மாறும். அந்த எண் 2022-23-இல் 0.716 ஆக இருந்தது, அடுத்த ஆண்டு 0.727 ஆக ஏறியது. நீங்கள் ஒரு சதவீதம் யூனிட்டைக் குறைத்திருந்தாலும் டன் கூடித் தெரியும். கிரிட் நல்லபடியாக மாறும் வருஷத்தில் ஒன்றுமே செய்யாமல் டன் குறைந்தும் தெரியும். உங்கள் ஆபரேட்டரின் வேலை யூனிட் நெடுவரிசையில்தான் இருக்கிறது, அதைத் தரைத்தளத்து நோட்டீஸ் போர்டில் மாதம் ஒரு முறை ராத்திரி கிலோவாட்டோடு சேர்த்து ஒட்டுங்கள்.